லாங் ஐலண்டில் தங்கிவிட்ட பாட்டில்கள்

அப்துல் குத்தூஸ் போட்ட சோடாவை யாரும் குறை சொன்னதில்லை. அந்தமானில், போர்ட் பிளேயரின் ஃபீனிக்ஸ் பே பக்கத்தில் அன்றைக்குக் கோலி சோடா போட்டவர் அவர் ஒருவர்தான் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்க வழியும் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

கீழக்கரைக்காரர். ஐம்பத்து நாலில் மெட்ராஸில் கப்பல் ஏறி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, ஒரு தகரப்பெட்டியோடு போர்ட் பிளேயரில் வந்து இறங்கினார். அபர்டீன் பஜாரில் ஒரு மளிகைக் கடையில் ஐந்து வருடம் மூட்டை தூக்கினார், பொட்டலம் மடித்தார், முதலாளி வாயிலிருந்து வந்ததையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டார். ஐம்பத்து ஒன்பதில் கையால் சுற்றுகிற ஒரு பழைய சோடா மிஷினையும் அறுநூறு கோலி பாட்டில்களையும் வரவழைத்தார். அன்றிலிருந்து அவரை யாரும் ‘ஏய்’ என்று கூப்பிட்டதில்லை. குத்தூஸ் பாய். அந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரியது என்பது ஐந்து வருடம் ‘ஏய்’ கேட்டவனுக்குத்தான் தெரியும்.

தீவில் தொழில் நடத்துவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கேஸ் சிலிண்டர் காலியானால் அது மெட்ராஸுக்குக் கப்பலில் போய் நிரம்பி வர வேண்டும். கப்பலில் முதல் இடம் அரிசிக்கு, அடுத்தது கோதுமைக்கு, அப்புறம் சிமெண்டுக்கு. அதற்கும் பிறகு மூலை முடுக்கில் இடம் மிச்சமிருந்தால் சோடாக்காரர் ஞாபகம் வரும். வருடத்தில் எட்டு மாதம் மழை. பாட்டில் வாயில் மாட்டுகிற ரப்பர் வளையம் பூஞ்சை பிடித்துப் பிசுபிசுத்துப் போகும். சர்க்கரைக்குப் பெர்மிட். பெர்மிட்டுக்கு நடை. இத்தனையையும் குத்தூஸ் முகம் சுளிக்காமல் சமாளித்தார். அவரைச் சாய்த்தது வேறொன்று.

சோடா வியாபாரத்தில் பாட்டில் போகும், வரும். போனது வந்தால்தான் மறுபடியும் நிரப்ப முடியும். பஜாரில் கவலை இல்லை. நின்றபடியே குடித்து, ஏப்பம் விட்டு, பாட்டிலை வைத்துவிட்டுப் போவார்கள். வினை லாங் ஐலண்ட் என்ற இன்னொரு தீவில் இருந்து வந்தது. அங்கே ஒரு மர ஆலை, காட்டு வேலை செய்கிறவர்கள், சில நூறு குடும்பங்கள். வாரம் ஒருமுறை ஃபீனிக்ஸ் பேயிலிருந்து போட் போகும். அங்கே டீக்கடை வைத்திருந்த ஜம்புலிங்கம் என்ற திருநெல்வேலிக்காரர் ஒருநாள் வந்து, “பாய், பெட்டி பெட்டியா அனுப்பும். நான் வித்துத் தாரேன்” என்றார்.

விற்றார் ஐயா, சும்மா சொல்லக்கூடாது, வெளுத்து வாங்கினார். போன பெட்டியில் ஒரு பாட்டில் சோடா மிஞ்சியதில்லை. ஆனால் எட்டுப் பெட்டி போனால் காலி ஐந்து பெட்டிதான் திரும்பியது. அடுத்த முறை மூன்று. பாட்டிலுக்குக் கால் ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பது வழக்கம். பாட்டிலைத் திருப்பினால் காசைத் திருப்புவார்கள். ‘கால் ரூபாய் என்பதால்தான் அலட்சியம் செய்கிறார்கள்’ என்று குத்தூஸ் கணக்குப் போட்டு, முன்பணத்தை முக்கால் ரூபாய் ஆக்கச் சொல்லி ஜம்புலிங்கத்துக்கு எழுதினார். அதற்கடுத்த போட்டில் ஒரு பாட்டில்கூடத் திரும்பி வரவில்லை.

அறுபத்து நாலு செப்டம்பரில் அவரிடம் மிஞ்சியவை எழுபத்தொரு பாட்டில்கள். காலை பத்து மணிக்குள் எல்லாவற்றையும் நிரப்பிவிடுவார். பிறகு யாராவது குடித்து முடிக்க வேண்டும், இவர் வேலை செய்ய. குடிக்கிறவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பார். “பாய், அப்படிப் பாக்காதீங்க, புரையேறுது” என்று ஒரு துறைமுகக் கூலி சொல்லியே விட்டார். புதுப் பாட்டிலுக்கு மெட்ராஸுக்கு எழுதினால், நாலு மாதம் ஆகும், கப்பலில் இடம் கிடைத்தால் அனுப்புகிறோம், வழியில் உடைந்தால் எங்கள் பொறுப்பு அல்ல என்று மூன்று வரியில் பதில் வந்தது.

அதே தபாலில் அவர் மனைவி பஷீராவுக்கும் ஒரு கடிதம் வந்தது. கீழக்கரையில் துணிக்கடை வைத்திருக்கும் அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், அப்துல் ரஹ்மான் எழுதியிருந்தார். கடைக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும், மச்சான் அக்டோபர் கப்பலில் வந்தால் கல்லாவிலேயே உட்காரலாம், அதற்கு மேல் காத்திருக்க முடியாது.

பஷீரா பேராசைக்காரி இல்லை. ஏழு வருடமாக அந்த இரண்டு அறை மர வீட்டில் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் குடித்தனம் நடத்தியவள். ஆனால் அன்றைக்கு அவள் பொறுமை தீர்ந்துபோனது.

“போதும் மச்சான். கப்பல் வருமா, கேஸு வருமா, பாட்டில் வருமான்னு ஏழு வருஷமா வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுக் கெடக்கேன். கப்பல் இருபத்து மூணாந்தேதி வெள்ளிக்கெழம போவுது. நாம போயிருவோம்.”

“அங்க போயி உங்க காக்கா கடையில நான் யாரு பஷீரா? மறுபடியும் அடுத்தவன் கடையில நிக்கணும். அந்த நெனப்பே எனக்கு ஆவல.”

“இங்க மட்டும் என்ன? எழுபது பாட்டிலுக்கு முதலாளி.”

சுருக்கென்று தைத்தது. ஆனால் அவள் சொன்னதில் பொய் இல்லையே. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். கப்பலுக்குள் பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டால் இருப்பது. வராவிட்டால் மிஷினை விற்றுவிட்டுப் போவது. “நீங்க வராட்டியும் நானும் புள்ளயும் போயிருவோம்” என்றாள் பஷீரா. அவர்களுக்கு ஐந்து வயதில் கரீமா என்று ஒரு மகள். பஷீரா அன்றே கப்பல் ஆபீஸுக்கு ஆள் அனுப்பி மூன்று டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்தாள். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது குத்தூஸுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அவருக்குத் தூக்கம் போனது.

அடுத்த திங்கட்கிழமையே போட் ஏறி லாங் ஐலண்டில் போய் இறங்கினார். ஜம்புலிங்கம் பாட்டிலைப் பதுக்கி வைத்துத் தானே மிஷின் போடப் பார்க்கிறார் என்று வழியெல்லாம் யோசித்து யோசித்து, இறங்கும்போது அது சந்தேகம் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. டீக்கடை வாசலிலேயே ஆரம்பித்தார்.

“என் பாட்டிலு எங்க? ஐநூறு பாட்டிலு. முழுங்கிட்டீங்களா?”

ஜம்புலிங்கம் கோபப்படவில்லை. டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தார். “குடியும். குடிச்சிட்டு எங்கூட வாரும். உம்ம பாட்டில் எங்கெங்க இருக்குன்னு காட்டுதேன். பெறவு என்னைய ஏசும்.”

ஆலைத் தொழிலாளர் வீடுகளுக்கு அழைத்துப் போனார். முதல் வீட்டில் எறும்பு ஏறாமல் தூணில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தது ஒரு கோலி பாட்டில். உள்ளே தேங்காய் எண்ணெய், வாயில் படாக் மரத்தில் சீவிய தக்கை. அடுத்தது ராஞ்சிக்காரர் ஒருவரின் குடிசை. நாலு பாட்டில் நிறையக் காட்டுத் தேன். அதற்கடுத்த வீட்டில் ஒரு வங்காளிப் பெண், கடுகெண்ணெய் பாட்டிலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “மேரா போத்தல் ஹை. பைசா தியா” என்றாள். காசு கொடுத்திருக்கிறாளாம், அவளுடைய பாட்டிலாம். தாம் பெற்ற பிள்ளைகள் ஊரான் வீட்டில் வளர்வதைப் பார்க்கிற மாதிரி இருந்தது குத்தூஸுக்கு.

கடைசியாக சந்திரமதி வீடு. ஆலையில் ரம்பம் ஓட்டுகிறவரின் மனைவி, கடலூர்ப் பக்கம். பலகையில் ஆறு கோலி பாட்டில்களை வரிசையாக நிறுத்தியிருந்தாள்.

“அம்மா, அது சோடா பாட்டிலு. குடிச்சிட்டுத் திருப்பிக் குடுக்கணும்” என்றார் குத்தூஸ், முடிந்தவரை பணிவாக.

“எதுக்குக் குடுக்கணும்? முக்கா ரூபா குடுத்துத்தானே எடுத்தேன்.”

“அது முன்பணம்மா. பாட்டிலக் குடுத்தா காசு திருப்பித் தருவோம்.”

“காச வாங்கி நான் என்னா பண்றது? எண்ணெயக் கையிலயா ஏந்திக்கினு நிக்கறது?” சந்திரமதி பிடித்துக்கொண்டாள். “டின்னுல வெச்சா ஒரே மழையில துருவேறி ஓட்டையாவுது. மண்சட்டி கப்பல்ல வரசொல்லவே பாதி ஒடையுது. இந்தத் தீவுல ஒரு கண்ணாடி பாட்டில் விலைக்கு எங்க கெடைக்குது, நீங்களே சொல்லுங்க. மொதல்ல கால் ரூபாயா இருந்தப்போ, நம்ம பாட்டில் இல்லயேன்னு கூச்சப்பட்டுக்கினு நெறைய பேரு திருப்பிக் குடுத்தோம். முக்கா ரூபா ஆக்கினீங்க பாருங்க, அப்பறந்தான் எல்லாருக்கும் நிம்மதி. சரி, விலைக்கே குடுக்கறாரு பாயின்னு எடுத்து வெச்சுக்கினோம்.”

ஜம்புலிங்கம் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். குத்தூஸ் தம் புத்தியைத் தாமே மனசுக்குள் செருப்பால் அடித்துக்கொண்டார். பூட்டுப் போடுகிறோம் என்று நினைத்துச் சாவியையே கொடுத்திருக்கிறாரே மனிதர்.

“சோடா நல்லா இருந்துச்சாம்மா?” என்று கேட்டார். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

“சோடாவா? புள்ளைங்க குடிக்கும். அதுங்க இல்லாத நாள்ல கீழ ஊத்திருவேன்.”

பாட்டில் போனதுகூடப் பரவாயில்லை. இது நெஞ்சிலேயே அடித்தது. பெட்டி பெட்டியாக விற்றதெல்லாம் சோடா இல்லை, வெறும் கண்ணாடி. பலகையில் இருந்த ஆறு பாட்டில்களையும் மறுபடி ஒருமுறை எண்ணினார். சந்திரமதிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“கோச்சுக்காதீங்க பாய். இதுவும் ஒண்ணும் தோதான பாட்டில் கெடையாது. குண்டு வந்து கழுத்துல மாட்டிக்கும், ஒரு கரண்டி எண்ணெ ஊத்தறதுக்குள்ள உசுரு போயிடும். கழுத்து நேரா, மூடி போட்டதா ஒண்ணு குடுங்க. ஆறையும் இப்பவே தூக்கினு போங்க.”

திரும்பி வருகிற போட்டில் குத்தூஸுக்கு அதே நினைப்பு. மூடி போட்ட பாட்டில். அதற்கு எங்கே போவது? இந்தக் கேள்விக்கு விடை அவருக்கு ஐந்து வருடமாகத் தெரியும். தெரிந்தே முகத்தைத் திருப்பிக்கொண்டு போன இடம் அது.

போர்ட் பிளேயரில் ஹேடோ பகுதியில் அதிகாரிகள் மெஸ் ஒன்று உண்டு. வாராவாரம் அங்கே சோடா கொடுக்கப் போவார். சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பள்ளம். அது நிறையக் காலி ரம் பாட்டில், பிராந்தி பாட்டில். ஊர்ப்பக்கம் என்றால் பழைய பாட்டில்காரர் சாக்கோடு வந்துவிடுவார். இங்கே பாட்டிலை மெட்ராஸுக்கு அனுப்புகிற கூலி பாட்டிலின் விலையை விட அதிகம். அதனால் யாரும் தொடுவதில்லை. போர்ட் பிளேயரில் பள்ளத்தில் கிடக்கிறது. ஒரு நாள் போட் பயணத்தில் இருக்கிற லாங் ஐலண்டில் சண்டை போட்டு ஒளித்து வைக்கிறார்கள். நடுவில் போட் வேறு வாரா வாரம் பாதி காலியாகப் போய் வருகிறது. இதை ஒருவரும் யோசிக்கவில்லை. குத்தூஸும்தான் யோசிக்கவில்லை. ஹராமான சரக்கு இருந்த பாட்டில் என்று அந்தப் பள்ளத்தைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொள்வார்.

இந்த முறை திருப்பவில்லை. மெஸ் சமையல்காரர் கிருஷ்ணமூர்த்தியிடம் போய்க் கேட்டார். “எடுத்துக்குங்க பாய், புண்ணியமாப் போகும். பாம்பு அடையுது அதுல” என்றார் அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்தூஸ் பள்ளத்தில் இறங்கினார். மூடியோடு இருந்தவை, வாய் உடையாதவை என்று பார்த்துப் பார்த்துச் சாக்கில் போட்டார்.

கண் இருக்கிற ஊராயிற்றே. சாயங்காலத் தொழுகைக்குள் பஜார் முழுக்கச் செய்தி பரவிவிட்டது: குத்தூஸ் பாய்க்கு நஷ்டம், மனிதர் குடியில் இறங்கிவிட்டார், சாக்கு சாக்காக வாங்கிப் போகிறார். பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர் அரை அடி தள்ளி நின்றார். வீட்டில் பஷீரா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

“அது இந்த வீட்டு வாசப்படி ஏறக்கூடாது.”

“பாட்டிலு என்ன பாவம் செஞ்சிச்சு புள்ள? வெறும் கண்ணாடி. ஏழு தடவ கழுவுறேன்.”

“எழுபது தடவ கழுவினாலும் என் கண்ணு முன்னால வேணாம். ஊரு சிரிக்குது. வெள்ளிக்கெழம கப்பல மட்டும் நெனவுல வைங்க.”

ஏழு நாள் அவர் கடலோரத்திலேயே கிடந்தார். சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தார், சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தார், கொக்கிக் கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துடைத்தார். லேபிள் ஒட்டியிருந்த இடத்தை நகத்தாலேயே சுரண்டினார். நூற்றறுபது பாட்டில் தேறியது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் விஷயத்தைச் சொன்னார். சிலர் சிரித்தார்கள், சிலர் தலையாட்டினார்கள். பத்தொன்பதாம் தேதி திங்கட்கிழமை, வெயில் ஏறுவதற்குள் எல்லாவற்றையும் போட்டில் ஏற்றினார். புதன்கிழமை திரும்பிவிடலாம். வெள்ளிக்கிழமை கப்பல்.

லாங் ஐலண்டில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஜம்புலிங்கம் கடை முன்னால் பலகை போட்டு அடுக்கிய அரை மணியில் பெண்கள் கூட்டம் வந்துவிட்டது. கோலி பாட்டிலைக் கொடு, மூடி போட்ட பாட்டிலை எடுத்துக்கொள். காசுப் பேச்சே கிடையாது. கழுத்து உடைத்துக் குண்டை எடுத்திருந்தவற்றையும் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தவற்றையும் குத்தூஸ் வாங்கவில்லை. சந்திரமதி மூடியைத் திருகித் திருகிப் பார்த்தாள், தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள், ஒரு சொட்டு ஒழுகவில்லை. “இதத்தான் சொன்னேன்” என்று ஆறையும் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வங்காளிப் பெண் மூன்று கொண்டுவந்தாள். கொண்டுபோனதில் வழியில் உடைந்த பதினாலு போக மிச்சமெல்லாம் கைமாறி, மறுநாள் மத்தியானத்துக்குள் நூற்று நாற்பத்தாறு கோலி பாட்டில்கள் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தன. இன்னும் பத்துப் பதினைந்து பேர், அடுத்த போட்டில் எங்களுக்கும் கொண்டுவர வேண்டும் என்று பெயர் சொல்லிவிட்டுப் போனார்கள்.

செவ்வாய் இரவு காற்று மாறியது. புதன்கிழமை போட் புறப்படவில்லை. வியாழக்கிழமையும் இல்லை. கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, உத்தரவு இல்லை என்றார் போட் மாஸ்டர். குத்தூஸ் அவரிடம் கெஞ்சினார், அரைகுறை இந்தியில் சண்டை போட்டார், கடைசியில் படகுத்துறையில் போய் மழையில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மணி இரண்டானபோது, இந்நேரம் கப்பல் கிளம்பியிருக்கும் என்று நினைத்தார். பஷீரா கரீமாவின் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறியிருப்பாள். பக்கத்தில் பெட்டி நிறையப் பாட்டில். யாருக்காக இதைச் செய்தோம் என்று இருந்தது அவருக்கு. ஜம்புலிங்கம் சோறு கொண்டுவந்து வைத்தார். தொடவில்லை.

போட் ஞாயிற்றுக்கிழமைதான் ஃபீனிக்ஸ் பே வந்து சேர்ந்தது. கப்பல் நின்ற இடம் வெறும் தண்ணீராக இருந்தது. பெட்டிகளை இறக்கச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மனைவியும் மகளும் இல்லாத வீட்டை எப்படிப் பார்ப்பது என்ற ஒரே பயத்தோடு நடந்தார்.

வாசல் நிறையப் பாட்டில். ரம் பாட்டில், மருந்துப் பாட்டில், ஊறுகாய் ஜாடி, குழந்தைகளுக்கு மால்ட் மாவு வருகிற அகல வாய் பாட்டில். அவற்றுக்கு நடுவில் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு பஷீரா உட்கார்ந்து, முழங்கை வரை சாம்பலோடு பாட்டில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கரீமா கழுவியதையெல்லாம் வரிசையாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தது.

குத்தூஸ் பாட்டில்களுக்கு நடுவில் பார்த்துக் கால் வைத்து வந்தார். “கப்பலு?” என்றார்.

“போயிருச்சு.”

“டிக்கெட்டு?”

“ராஜமாணிக்கம் கான்ட்ராக்டர் வீட்ல அவசரமா மெட்ராஸ் போவணும்னாங்க. மூணையும் அவங்களுக்கு மாத்திக் குடுக்கச் சொல்லிட்டேன்.”

“எப்ப?”

“புதன்கெழமயே.” பஷீரா நிமிராமல் சொன்னாள். “நீங்க போன அன்னிக்கே மெஸ்ஸுக்காரரு ஒரு சாக்கு கொண்டாந்து போட்டாரு. ஆஸ்பத்திரி ஆயா ஒரு கூட நெறைய மருந்து பாட்டிலு கொண்டாந்தா. இங்க எடுத்துக்கிறாங்களாமேன்னு கேட்டுக் கேட்டு வர்றாங்க. சரி, வெலக்கி விட முடியுமான்னு வாங்கி வச்சேன். செவ்வாக்கெழம மீன்காரத் தெலுங்குப் பொம்பள வந்து, ரெண்டு பாட்டிலு குடு, மீனெண்ண வைக்க ஒண்ணுமில்லன்னு கையப் புடிச்சுக்கிட்டா. ஏழு வருஷத்துல நம்ம வாசல்ல வந்து யாரு மச்சான் இப்படி நின்னா?” தேய்த்த பாட்டிலைத் தண்ணீரில் அலசினாள். “நீங்க பாட்டிலோட வருவீங்களா, வெறுங்கையோட வருவீங்களான்னு எனக்குத் தெரியாது. எப்படி வந்தாலும் இங்கதான்னு முடிவு பண்ணிட்டேன்.”

குத்தூஸ் நனைந்த மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். நூற்று நாற்பத்தாறு என்று சொல்ல வாயைத் திறந்தார், அழுகைதான் வந்தது. கூச்சப்படாமல், சத்தமாகவே அழுதார்.

கரீமா பயந்துபோய் உம்மாவிடம் ஓடியது. “வாப்பா ஏன் அழுவுறாங்க?”

“அழுவல. சோடா கேஸு கண்ணுல அடிச்சிருச்சு.”

“மிஷினுதான் ஓடவே இல்லையே உம்மா.”

“நாளைக்கு ஓடும்” என்றாள் பஷீரா.